முப்பது பாத்தில் மருத்துவம்: தாய்லாந்திடமிருந்து வளரும் நாடுகள் கற்க வேண்டியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘முப்பது பாத் திட்டம்’ என்கிறார்களே, அது என்ன?

பாத் என்பது தாய்லாந்தின் நாணயம். தாய்லாந்தில் அரசு ஊழியராகவோ, நிறுவனத் தொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்பு நிதியில் உறுப்பினராகவோ இல்லாத எல்லாக் குடிமக்களின் மருத்துவச் செலவையும் அரசே ஏற்கும் திட்டம். 2001 தேர்தலில் தாக்சின் சினவத்ராவின் தாய் ரக் தாய் கட்சி, முப்பது பாத்துக்கு எல்லா நோய்க்கும் சிகிச்சை என்று வாக்குறுதி கொடுத்து வென்றது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஆறு மாகாணங்களில் வேலை தொடங்கியது. 2002 ஏப்ரலில் தலைநகர் பாங்காக்கும் சேர்ந்துகொள்ள, நாடு முழுவதும் திட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருமுறை மருத்துவமனைக்குப் போனால் முப்பது பாத். அன்றைய மதிப்பில் ஓர் அமெரிக்க டாலருக்கும் குறைவு. மீதிச் செலவு அரசின் தலையில். இன்றைக்கு நாட்டு மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் மருத்துவப் பாதுகாப்பு.

தேர்தல் முழக்கமாகக் கேட்டதால், இது வாக்குக்காக அவசரத்தில் பிறந்த இலவசம் என்று எண்ணுவோர் உண்டு. முழக்கம் அவசரமானதாக இருக்கலாம். அதன் பின்னால் சங்குவான் நித்தயாரம்போங் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாக எழுதியும் சோதித்தும் வைத்திருந்த வரைவு இருந்தது. அவர்கள் கதவைத் தட்டிய கட்சிகளில் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. திட்டத்தை நடத்த அமைந்த தேசிய சுகாதாரப் பாதுகாப்பு அலுவலகத்தின் முதல் தலைமைச் செயலரும் அவர்தான்.

அதற்கு முன் தாய்லாந்து மக்கள் சிகிச்சைக்கு என்ன செய்தார்கள்?

திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. அரசு ஊழியருக்கும் குடும்பத்துக்கும் ஒன்று. 1990-இல் வந்த சட்டப்படி நிறுவனத் தொழிலாளருக்கு ஒன்று. ஏழைகளுக்கு 1970களின் நடுவிலிருந்தே இலவச அட்டை. ஏழையும் இல்லை, மாதச் சம்பளக்காரரும் இல்லை என்ற நிலையில் இருந்த கிராமத்தாருக்கு, விரும்பினால் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் சுகாதார அட்டை. இத்தனை இருந்தும் 2001-இல் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் எதிலும் இல்லாமல் வெளியே நின்றார்கள்.

காரணம், எந்த நாட்டிலும் நடப்பதுதான். ஏழை என்று சான்றளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வேண்டியவர்களுக்கு இலவச அட்டை போகும். உண்மையில் இல்லாதவருக்குப் போகாது. விருப்ப அட்டையோ, உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் தேடி வந்து வாங்குவதாக ஆகிவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர் பணம் கட்டாவிட்டால் எந்தக் காப்பீட்டு நிதியும் தாங்காது.

2002-இல் தாய்லாந்து செய்த பெரிய காரியம், ஏழையா என்று கேட்பதையே விட்டதுதான். ஒவ்வொரு குடிமகனுக்கும் 13 இலக்க அடையாள எண் ஏற்கெனவே இருந்தது. பதிவேடுகள் கணினியில் இருந்தன. மற்ற இரண்டு பெரிய திட்டங்களின் பட்டியலில் இல்லாத அனைவரும் இந்தத் திட்டத்தின் பயனாளிகள். வருமானச் சான்றிதழ், வட்டாட்சியர் கையெழுத்து மாதிரியான எதுவும் தேவையில்லை.

பணக்கார நாடாக இருந்ததால்தானே செய்ய முடிந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் தாய்லாந்தின் கதை மிக நேரடியான பதிலைத் தருகிறது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியதே பாங்காக்கில்தான். நாணய மதிப்பு சரிந்தது, வங்கிகள் மூடப்பட்டன, நாடு பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தியது. திட்டம் தொடங்கியபோது தனிநபர் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான். கட்டுப்படியாகாது என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எச்சரித்தவர்கள் பலர். முப்பது பாத்தில் எந்த நோயாக இருந்தாலும் சாவு நிச்சயம் என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆனாலும் அதன் பிறகு நெடுங்காலம் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 4 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. வளர்ந்த நாடுகள் இதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் செலவிடுகின்றன.

ஒரே ஆண்டில் நாடு முழுவதும் எப்படிக் கொண்டுபோனார்கள்?

ஓராண்டு என்பது அட்டை கொடுத்த கணக்கு. அட்டையை எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு மருத்துவமனை வேண்டாமா? அதைக் கட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆனது. தாய்லாந்தைப் பார்த்துத் திட்டம் வகுப்பவர்கள் அடிக்கடி தாண்டிப் போகும் பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்திலிருந்தே, அரசுச் செலவில் படித்த மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் அரசு சொல்லும் இடத்தில் பணியாற்றியாக வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. மீறினால் அபராதம்; அந்தத் தொகை பின்னாளில் நான்கு லட்சம் பாத் வரை உயர்ந்தது. காசு கட்டித் தப்பித்தவர்கள் இருந்தார்கள். இருந்தாலும் ஆண்டுதோறும் புதிய மருத்துவர்கள் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கி, 1970களின் பிற்பகுதியில் ஊரக மருத்துவர் சங்கமாகத் திரண்டார்கள். பின்னாளில் சுகாதாரக் கொள்கையை வகுத்த பலர், சங்குவான் உட்பட, அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். மின்சாரம் விட்டுவிட்டு வரும் மருத்துவமனையில் ஒற்றை மருத்துவராக இருந்தவர் எழுதும் திட்டத்துக்கும், தலைநகரில் மட்டுமே இருந்தவர் எழுதும் திட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது பணம். 1982 முதல் 1986 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்தில் தாய்லாந்து ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் புதிய கட்டுமான முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கிராமச் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பியது. நகர்ப்புற வாக்காளரும், மருத்துவப் பேராசிரியர்களும், ஒப்பந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் முகம் சுளிக்கும் முடிவு இது. அங்கே மாவட்டம் என்பது நம் ஊர் வட்டம் அளவுள்ள நிர்வாகப் பகுதி. 2001 வாக்கில் ஏறக்குறைய ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மருத்துவமனையும், அதற்குக் கீழே ஒவ்வோர் உள்வட்டத்திலும் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் உள்ள ஒரு நிலையமும் இருந்தன. இவை போக, கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்கள். இன்று இவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கொரோனா காலத்தில் வெளியூரிலிருந்து ஊர் திரும்பியவர்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்கள் இவர்கள்தான்.

அரசு மருத்துவமனை இல்லாத ஊரில் காப்பீட்டு அட்டை கொடுத்தால் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகும், அல்லது யாருக்குமே பயன்படாமல் அட்டை பரணில் கிடக்கும். இதைப் புரிந்துகொள்ள ஆய்வு எதுவும் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

பொது வரி வருவாயிலிருந்து. சம்பளத்தில் பிடித்தம் செய்து நடத்தலாமே என்ற யோசனையும் இருந்தது. ஆனால் விவசாயியிடமும், சாலையோரக் கடைக்காரரிடமும், கட்டடத் தொழிலாளியிடமும் மாதாமாதம் சந்தா வசூலிப்பது யார்? வசூலிக்க ஆகும் செலவே வசூலைத் தின்றுவிடும். முறைசாராத் தொழிலில் பெரும்பான்மையோர் இருக்கும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். மதுவுக்கும் புகையிலைக்கும் விதிக்கும் வரியின் மேல் 2 விழுக்காடு கூடுதலாக வசூலித்து, நோய்த் தடுப்புப் பரப்புரைக்கென்று 2001-இல் தனி நிதியம் அமைத்தார்கள். அது வேறு கணக்கு.

மருத்துவமனைக்குப் பணம் எப்படிப் போகிறது? ‘தலைக்கு இவ்வளவு’ என்று கொடுத்தால் சிகிச்சையைக் குறைத்துவிட மாட்டார்களா?

நியாயமான சந்தேகம். புறநோயாளிச் சிகிச்சைக்கு, ஒரு மருத்துவமனையின் எல்லையில் பதிவான ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை போய்ச் சேரும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. உள்நோயாளிகளுக்கு நோயின் வகையையும் கடுமையையும் பொறுத்துப் புள்ளி வைத்து, மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்புக்குள் கொடுப்பார்கள். 2002-இல் எல்லாச் சேவைக்கும் சேர்த்து ஒரு தலைக்கு 1,202 பாத் என்று கணக்கிட்டார்கள். பத்தாண்டுகளில் அது இரு மடங்குக்கு மேல் ஆனது.

இதற்கு நேர் எதிரான முறையும் அதே நாட்டில் அப்போது இருந்தது. அரசு ஊழியர் திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சைக்கு மருத்துவமனை எழுதி அனுப்பும் பில்லுக்கெல்லாம் பணம். விலை உயர்ந்த மருந்து எழுதினால் கூடுதல் வருமானம். அந்தத் திட்டத்தின் தலைக்கான செலவு, முப்பது பாத் திட்டத்தைவிடப் பல மடங்கு எகிறியது. பணம் கொடுக்கும் முறை மருத்துவரின் பேனாவையும் நகர்த்தும்.

ஆனால் தலைக்கான தொகை மட்டும் இருந்தால், செலவு பிடிக்கும் நோயாளியைத் தட்டிக்கழிக்க மருத்துவமனைக்கு ஆசை வரும். அதனால் கண்புரை அறுவை, டயாலிசிஸ், எச்.ஐ.வி. மருந்து போன்றவற்றை அந்தத் தொகையிலிருந்து பிரித்து, செய்தால் தனியாகப் பணம் என்று வைத்தார்கள். புகார் சொல்ல 1330 என்ற தொலைபேசி எண் உண்டு. சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, சிகிச்சையில் கேடு நேர்ந்தவருக்கு, யார் தவறு என்று நீதிமன்றத்தில் நிரூபிக்காமலேயே இழப்பீடு கிடைக்கும்.

முதல் ஆண்டில் ஒரு சறுக்கலும் நடந்தது. மருத்துவர், செவிலியர் சம்பளத்தையும் அந்த 1,202 பாத்துக்குள்ளேயே அடக்கினார்கள். காகிதத்தில் இது அருமையான யோசனை: மக்கள் அதிகம், மருத்துவர்கள் குறைவு என்றிருந்த வடகிழக்கு ஈசான் பகுதிக்குப் பணம் கூடும், ஆட்கள் குவிந்திருக்கும் நகரத்துக்குக் குறையும், நகரத்து மருத்துவர்கள் கிராமத்துக்கு நகர்வார்கள். நடந்ததோ வேறு. மருத்துவர்கள் நகரவில்லை, நகரத்து மருத்துவமனைகள் கடனில் விழுந்து கூச்சல் போட்டன. அரசு அவசர நிதி கொடுத்துக் காப்பாற்றி, விதியையும் தளர்த்த வேண்டியதாயிற்று.

உண்மையிலேயே எல்லா நோய்க்கும் சிகிச்சை உண்டா?

தொடக்கத்தில் இல்லை. பிரசவம் முதல் புற்றுநோய், இதய அறுவை வரை இருந்தாலும், எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் சிறுநீரக டயாலிசிஸும் கட்டுப்படியாகாது என்று வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. எச்.ஐ.வி. நோயாளிகள் அமைப்பாகத் திரண்டு போராடியதால் 2003-இலிருந்து அவர்களுக்கு மருந்து கிடைக்கத் தொடங்கியது. டயாலிசிஸ் 2008-இல் சேர்ந்தது. அது சேர்ந்த விதத்தைப் பார்த்தால் இந்த நாட்டின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரண்டு வழி. ஒன்று, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருப்பது. இன்னொன்று, வயிற்றில் மெல்லிய குழாய் பொருத்தி, வீட்டிலேயே திரவத்தை உள்ளே விட்டு எடுப்பது. ஈசானில் ஒரு நெல் விவசாயிக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் இருக்கும் ஊருக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எனவே திட்டம் இரண்டாவது வழியை முதல் தெரிவாக வைத்தது. கைகளை நன்றாகக் கழுவி, முகக் கவசம் மாட்டி, குழாயின் மூடியைத் திறந்து, பழைய திரவத்தைக் கீழே உள்ள பைக்குள் வடியவிட வேண்டும். மேலே கொக்கியில் தொங்கும் இரண்டு லிட்டர் பையிலிருந்து புதியதை உள்ளே இறக்கி மூட வேண்டும். அரை மணி நேர வேலை, நாளைக்கு நான்கு முறை. கை சுத்தமாக இல்லையென்றால் வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும் என்பதால், நோயாளிக்கும் குடும்பத்தில் ஒருவருக்கும் செவிலியர் பயிற்சி கொடுப்பார். இவ்வளவு பைகளை யார் கிராமத்துக்குச் சுமந்து போவது? தாய்லாந்து அஞ்சல் துறை. அரசின் மருந்து நிறுவனம் மொத்தமாக வாங்கி அனுப்ப, பெட்டிகள் வீட்டு வாசலில் வந்து இறங்கின.

2022-இல் இந்த விதியைத் தளர்த்தி, நோயாளி விரும்பினால் இயந்திர டயாலிசிஸும் இலவசம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் சாய, செலவு மளமளவென்று ஏறியது. 2025-இல் மறுபடியும் பழைய முன்னுரிமைக்கே திரும்பினார்கள். தெரிவுச் சுதந்திரமும் பொதுப்பணமும் மோதிக்கொள்ளும் இடம் இது. எனக்குத் தெரிந்து எந்த நாடும் இதற்கு எல்லோருக்கும் பிடித்த தீர்வைக் கண்டதில்லை.

எந்த மருந்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

2007-இல் தொடங்கிய ஹைட்டாப் என்ற ஆய்வு அமைப்பு இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. ஒரு சிகிச்சையால் ஒருவருக்கு நலமான ஓராண்டு ஆயுள் கூடுவதற்கு எவ்வளவு செலவு? அந்தத் தொகை 1,60,000 பாத்துக்குள் இருந்தால் பொதுவாகச் சேர்க்கத் தகுந்தது. டயாலிசிஸ் இந்த வரம்பைத் தாண்டியும் உள்ளே வந்தது. சில அரிய நோய் மருந்துகளும் அப்படித்தான். கணக்கு வழிகாட்டுகிறது, முடிவை மனிதர்கள் எடுக்கிறார்கள்.

எந்தச் சிகிச்சையை ஆராய வேண்டும் என்று மருத்துவர் மட்டுமின்றி, நோயாளி அமைப்புகளும் மருந்து நிறுவனங்களும்கூட முன்மொழியலாம். மறுப்பதிலும் பயன் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, தொடக்கத்தில் இருந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று திரும்பிப் போனது. விலை இறங்கிய பிறகு 2017-இல் ஐந்தாம் வகுப்புச் சிறுமிகளுக்கு நாடு முழுவதும் போடத் தொடங்கினார்கள். ‘வேண்டாம்’ என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரிடம் விற்பவர் விலையைக் குறைப்பார்.

பெரிய மருந்து நிறுவனங்களோடு மோதியதாகச் சொல்கிறார்களே?

ஆம். 2006 நவம்பரில் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார்கள். காப்புரிமை இருந்தாலும், பொதுச் சுகாதாரத் தேவைக்காக அரசு அதே மருந்தை வேறு இடத்தில் தயாரிக்கலாம் அல்லது வாங்கலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் விதிகளே அனுமதிக்கும் வழி அது. 2007 தொடக்கத்தில் இன்னோர் எச்.ஐ.வி. மருந்துக்கும், இதய நோயாளிகளுக்கான குளோபிடோக்ரெலுக்கும் உரிமம் வந்தது. பிறகு சில புற்றுநோய் மருந்துகள். எஃபாவிரென்ஸ் இந்தியாவிலிருந்து மலிவாக வந்தது.

பதிலடியும் வந்தது. அமெரிக்க மருந்து நிறுவனமான அபாட் தன் புதிய மருந்துகளின் பதிவு விண்ணப்பங்களைத் தாய்லாந்திலிருந்து திரும்பப் பெற்றது. அமெரிக்கா அந்த நாட்டை அறிவுசார் சொத்துரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் மேலே ஏற்றியது. சிறிய நாடுகள் இதை எடை போட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தும் திட்டம் எப்படித் தப்பித்தது?

2006-இல் ராணுவம் தாக்சினைக் கவிழ்த்தது. அவருடைய அடையாளமான திட்டத்தை ஒழித்துவிடுவார்கள் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். ராணுவம் அமர்த்திய அரசோ முப்பது பாத் கட்டணத்தையும் நீக்கி, முற்றிலும் இலவசமாக்கியது! 2014-இல் மறுபடி ஒரு கவிழ்ப்பு. அப்போதும் திட்டம் நின்றது.

மக்கள் பழகிவிட்டார்கள் என்பது பாதிக் காரணம். மீதி, சட்டம். ஒரு கட்சியின் அறிவிப்பாக விடாமல், இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அதைச் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டத்துக்காக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் கையெழுத்திட்டுத் தனி வரைவே கொடுத்தார்கள். நிர்வாக வாரியத்தில் மக்கள் அமைப்புகளுக்கு இடம் உண்டு. ஆளும் கட்சித் தலைவரின் படத்தோடு அட்டை அடிக்கும் நாடுகள் இதைக் கவனிக்கலாம்.

பலன் கண்ணுக்குத் தெரிகிறதா?

திட்டத்துக்கு முன் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மக்களின் சொந்தக் கையிலிருந்து போனது. இப்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கினரில், மருத்துவச் செலவால் நிலைகுலையும் குடும்பங்கள் 1996-இல் 6.8 விழுக்காடு; 2008-இல் 2.8. ஏழை மாகாணங்களில் சிசு மரணம் அதிகம், பணக்கார மாகாணங்களில் குறைவு என்றிருந்த இடைவெளியும் திட்டத்துக்குப் பின் சுருங்கியது.

குறைகளே இல்லையா?

நிறைய. மாவட்ட மருத்துவமனைகளில் காலை வேளைக் கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. இளம் மருத்துவர்கள் வேலைப்பளு தாங்காமல், வெளிநாட்டு நோயாளிகளை ஈர்க்கும் பாங்காக் தனியார் மருத்துவமனைகளுக்குப் போய்விடுகிறார்கள். தொகை போதவில்லை என்று மருத்துவமனைகள் ஆண்டுதோறும் முறையிடுகின்றன. மூன்று பெரிய திட்டங்களையும் ஒன்றாக்க இன்றுவரை முடியவில்லை; அரசு ஊழியர் தம் சலுகையை விட்டுத்தர மாட்டார், மாதாமாதம் பணம் கட்டும் தொழிலாளியோ, கட்டாதவருக்கும் கிடைப்பதுதானே எனக்கும் கிடைக்கிறது என்று குமுறுகிறார். முதியோர் பெருகிவரும் நாடு என்பதால், வரும் ஆண்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத்தும் இதே வகையா?

இல்லை. 2018-இல் வந்த அந்தக் காப்பீடு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களுக்கு. சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது. குடும்பத்தைக் கரைப்பதோ பெரும்பாலும் அந்த மாத்திரைச் செலவுதான். தாய்லாந்து புறநோயாளிச் சிகிச்சையிலிருந்து தொடங்கியது. இந்தியாவில் அதற்கு நெருக்கமான ஒன்றைத் தேடினால், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும், மருந்துகளை மொத்தமாக வாங்கி அவற்றுக்கு இலவசமாகத் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும்தான் நினைவுக்கு வருகின்றன.

நாளைக்கே தொடங்க நினைக்கும் ஓர் ஏழை நாடு முதலில் எதைச் செய்யலாம்?

என்னைக் கேட்டால், முதல் ஐந்தாண்டில் அட்டையே அச்சிட வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவையும் அடையாள எண்ணையும் ஒழுங்காக்கலாம். கிராமப்புற மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் இடம் ஒதுக்கி, படித்தபின் சொந்த ஊர்ப் பக்கமே பணியில் அமர்த்தலாம். தாய்லாந்து 1990களின் நடுவிலிருந்து இதைச் செய்கிறது. தலைநகரில் புதிய உயர்சிறப்பு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டுவதை ஒத்திவைத்து, அந்தப் பணத்தில் முப்பது படுக்கை மருத்துவமனைகளைக் கட்டி, மருந்தும் ஆளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். சிகிச்சைகளின் செலவைக் கணக்கிடத் தெரிந்த சிறு குழுவொன்றை வெளிநாட்டு ஆலோசகர்களுக்குப் பதிலாக உள்நாட்டிலேயே உருவாக்கலாம். இவை நடந்துகொண்டிருக்கும்போது தேர்தலில் ஒரு கட்சி அட்டையை வாக்குறுதியாக்கினால், அதை நிறைவேற்ற ஓராண்டு போதும்.